காவி ஊறின பீக்கர்

கைராசி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பூக்காரிக்குக் கைராசி இருக்கட்டும். முதல் போணி செய்கிறவருக்கு இருக்கட்டும். ஊறுகாய் போடுகிற மாமிகளுக்கும் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கிற ஆராய்ச்சிக்கூடத்தில், மில்லிவோல்ட் வரைக்கும் அளந்து நோட்டில் எழுதுகிற இடத்தில், கைராசிக்கு என்ன வேலை? இதைக் கேட்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது என்பது வேறு விஷயம். ஏறக்குறைய இரண்டு வருஷம் அந்தப் பட்டத்தைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தவளே நான்தான்.

நான் மயிலாப்பூர்க்காரி. குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அம்மாவோடு இருக்கிறேன். மெட்ரோவுக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டதிலிருந்து ஸ்கூட்டரை மூடி வைத்துவிட்டு, தினமும் பஸ்ஸில் அடையாறு பக்கம் மரங்கள் அடர்ந்த ஒரு வளாகத்துக்குப் போய் வருகிறேன். அங்கேதான் என் பிஎச்.டி. முடிகிற பாடாக இல்லாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது.

நாங்கள் செய்கிற வேலை, சொல்லக் கேட்டால் சுலபம். காரம் கலந்த தண்ணீரில் இரண்டு தகடுகளை நிறுத்தி மின்சாரம் செலுத்தினால் ஒன்றில் ஹைட்ரஜன் குமிழி வரும், இன்னொன்றில் ஆக்சிஜன் குமிழி வரும். பள்ளிக்கூடத்திலேயே எல்லோரும் பார்த்ததுதான். ஹைட்ரஜன் பக்கம் சாது. ஆக்சிஜன் பக்கம் இருக்கிறதே, அது சரியான சண்டி. கணக்குப்படி தேவையான வோல்டேஜைக் கொடுத்தால் நகராது. அதற்கு மேலே கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கொடுத்துத் தள்ள வேண்டும். அப்படிக் கூடுதலாகக் கொடுப்பதெல்லாம் வீண். அந்த வீணைக் குறைக்கத்தான் தகட்டின்மேல் ஒரு உலோக ஆக்சைடைப் பூசுகிறோம். அதுதான் வினையூக்கி. இரிடியம் ஆக்சைடு பூசினால் நன்றாக ஓடும், ஆனால் இரிடியம் கிடைப்பதே அபூர்வம், யானை விலை குதிரை விலை. ஆகவே உலகம் முழுக்க எங்களைப் போன்றவர்கள் நிக்கல், கோபால்ட் என்று மலிவான உலோகங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். என் பங்குக்கு வந்தது நிக்கல் ஆக்சைடு. கூடுதல் வோல்டேஜ் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்ல வினையூக்கி. இது ஒன்று ஞாபகம் இருந்தால் போதும்.

முதல் ஒன்றரை வருஷம் என் நிக்கல் ஆக்சைடு ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தது. எங்கள் கைடு, லேபில் எல்லோருக்கும் வெறும் சார், என் நோட்டைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எங்கள் லேபில் ஆயுத பூஜை என்றால் தீபாவளியைவிடப் பெரிய விஷயம். முதல் நாளே எல்லோரும் சேர்ந்து தரையைக் கழுவி, அலமாரிகளைத் துடைப்போம். உலை, தராசு, மின்னோட்டம் அளக்கிற கருவி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பொரி, கடலை, சுண்டல். பூஜை முடிந்தால் மறுநாள் காலை வரை எந்தக் கருவியையும் தொடக்கூடாது. விஜயதசமி அன்று காலையில் ஆளுக்கு ஒரு அளவாவது எடுத்துவிட வேண்டும், அன்றைக்குத் தொடங்கினால் வருஷம் முழுக்கப் போகும் என்பது சாரின் நம்பிக்கை. அந்த வருஷம் கோலத்தை நான் போடுகிறேன் என்று நானே வலியப் போய்ச் சொன்னேன். ஆராய்ச்சியில்தான் ஒன்றும் வரவில்லை, கோலமாவது வருகிறது என்று காட்டிக்கொள்கிற அற்ப ஆசை.

எங்கள் வீட்டில் மாக்கோலம் என்றால் சுற்றிலும் காவி பூசியே தீர வேண்டும். காவி பூசாத கோலத்தை அம்மா கோலமாகவே சேர்த்துக்கொள்ள மாட்டாள். மாட வீதியில் ஒரு பொட்டலம் காவிக்கட்டி வாங்கிப் போயிருந்தேன். அதை ஊறவைக்க லேபில் ஒரு பாத்திரம் அகப்படவில்லை, எல்லாம் கழுவப் போட்டுக் கிடந்தன. என் பிளாஸ்டிக் பீக்கர் மட்டும் சும்மா இருந்தது. காரக் கரைசல் கண்ணாடியை அரிக்கும் என்பதால் நாங்கள் ஒவ்வொருவரும் கரைசல் கலக்க ஒரு பிளாஸ்டிக் பீக்கர் வைத்திருப்போம், டேப் ஒட்டிப் பெயர் எழுதி. என் பீக்கர்தானே, அதிலும் சாமி காரியம்தானே என்று காவியை அதில் ஊறவைத்தேன். கோலம் அமர்க்களமாக வந்தது. சார் அதை போனில் படம் எடுத்தார். பிறகு பீக்கரை மூன்று தரம் அலசிக் கவிழ்த்தேன். வெள்ளை வெளேர் என்று இருந்தது.

விஜயதசமி காலையில் அதே பீக்கரில் கரைசல் கலந்து, என் வழக்கமான உதவாக்கரைத் தகட்டை இறக்கினேன். திரையில் மின்னோட்டக் கோடு கிடுகிடுவென்று ஏறியது. கூடுதல் வோல்டேஜ் அப்படியே சரிந்துவிட்டது. கருவி கெட்டுவிட்டதோ என்று இரண்டாம் தரம், மூன்றாம் தரம் எடுத்தேன், அதே கோடு. சாரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். நல்ல நாளில் கை வைத்திருக்கிறாய், உனக்குக் கைராசிம்மா என்றார். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தச் சொல் அவ்வளவு இனித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போது தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. நிக்கல் மட்டும் உள்ள, வேறு எந்த உலோகமும் சேராத வினையூக்கி என்று கட்டுரை எழுதினோம். அது வெளியாகிவிட்டது. பசுமை ஹைட்ரஜன் என்று ஊரெல்லாம் பேச்சு, ஆகவே சாரைக் கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். போகிற இடமெல்லாம் என் கோட்டைக் காட்டினார். மறு வருஷமும் கோலம் நான்தான், அதே ராசியான பீக்கரில்தான் காவி. இதிலே வேடிக்கை, ஐப்பசி, கார்த்திகையில் அளவுகள் பிரமாதமாக வரும், கரைசல் கலந்து கலந்து ஆனி, ஆடிக்குள் மெல்ல மெல்ல மங்கும். ஆடி மாதம், ஒன்றும் தொடங்க வேண்டாம், பூஜைக்கு அப்புறம் தன்னால் சரியாகும் என்பார் சார். அதேபோலச் சரியும் ஆயிற்று. ஒரு விஞ்ஞானக் கருவியின் அளவு பஞ்சாங்கம் பார்த்து ஏறி இறங்குகிறது, ஏன் என்று நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை. அக்கிரமம் இல்லையா இது?

இரண்டாம் ஆயுத பூஜை கழிந்து வந்த ஜனவரியில், புது ஆராய்ச்சி மாணவியாக அவள் வந்து சேர்ந்தாள். வடபழனிப் பெண். அப்பா சினிமாப் படப்பிடிப்புகளில் லைட் தூக்குகிறவர். லேபில் அவள் எழுதி வைத்துப் படிப்பதுபோல ஜாக்கிரதையாகப் பேசுவாள்; வீட்டிலிருந்து போன் வந்தால் மட்டும் வராந்தாவுக்குப் போய் வேறு தமிழ் பேசுவாள். அவளுக்குச் சார் கொடுத்த முதல் வேலை, என் அளவுகளை அப்படியே திரும்ப எடுத்துக் காட்டுவது. அதற்கு மேல்தான் அவள் ஆராய்ச்சி தொடங்க வேண்டும். ஆவணியில் அவளுடைய முதல் பரிசீலனைக் கூட்டம். வெளியிலிருந்து மூன்று பேர் வந்து உட்கார்ந்து, இவள் தொடரலாமா வேண்டாமா என்று சொல்வார்கள். வேண்டாம் என்றால் பதிவு ரத்து, மூட்டை கட்டவேண்டியதுதான்.

அவளுக்கு என் அளவு வரவில்லை. ஒரு நாள் இல்லை, ஒரு வாரம் இல்லை, மாதக்கணக்கில் வரவில்லை. நான் செய்கிற மாதிரியே தகட்டை முக்கினாள், அதே உலையில் சுட்டாள், பக்கத்தில் நின்று என் கையையே பார்த்து எழுதிக்கொண்டாள். வரவில்லை. சார் ஒரு நாள் எல்லோர் முன்னாலும், “உனக்குக் கைராசி இல்லம்மா, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பாவமாக இருந்தது என்று சொன்னால் அது பாதிப் பொய். உள்ளுக்குள் கொஞ்சம் குளுகுளுவென்றும் இருந்தது.

சுத்தம் போதவில்லை, நன்றாகக் கழுவு என்று நான் பெரிய மனுஷியாக உபதேசம் செய்தேன். அவள் கழுவினாள். அமிலத்தில் கழுவி, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஏழெட்டு தரம் அலசினாள். இருப்பதிலேயே தூய காரத்தை வரவழைத்து, அதையும் மறுபடி சுத்தம் செய்தாள். கழுவக் கழுவ அவள் அளவு இன்னும் மோசமாகத்தான் ஆயிற்று. ஒரு நாள் வலது மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். எனக்குக் கோபம் சுரீரென்று வந்தது. இந்தக் கயிற்றிலிருந்துதான் சாயமும் அழுக்கும் கரைசலில் விழுகிறது, அறிவு வேண்டாமா, முதலில் அதைக் கழற்று என்று கத்தினேன். அவள் கழற்றவில்லை. கையுறையை அதற்கு மேல் இழுத்து விட்டு ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டாள்.

அதற்குச் சில நாள் கழித்து என்னிடம் வந்து, “அக்கா, உங்க பீக்கர ஒரு நாள் தர்றீங்களா? ஒரே ஒரு நாள். நீங்க பக்கத்துலயே இருங்க” என்று கேட்டாள்.

தரமாட்டேன் என்றேன். என் பீக்கரை யாரும் தொடக்கூடாது, உன் குளறுபடிக்கு என் பாத்திரத்தைக் குறை சொல்கிறாயா என்று வேறு கேட்டேன். அவள் தன் மேஜைக்குத் திரும்பிப் போனாள். இதைத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் இதைச் சுற்றிப் போட்ட பார்டர்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் அம்மா வாசலில் மாக்கோலம் போட்டுவிட்டுக் காவி பூசிக்கொண்டிருந்தாள். நான் அவசரத்தில் சமையலறை மேடையில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் காபியை ஊற்றப் போனேன். அம்மா வாசலிலிருந்தே பார்த்துவிட்டாள்.

“அதுல குடிக்காதடி, அது காவி ஊறின டம்ளர். எத்தனை தேச்சாலும் போகாது, அடியில ஒட்டிண்டே இருக்கும். அதுக்குன்னே தனியா வெச்சிண்டிருக்கேன்.”

டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. விளிம்பு மடிப்பில் நகத்தை வைத்துக் கீறினேன். நகத்தில் சிவப்பு வந்தது.

காவி என்பது என்ன? இரும்பு ஆக்சைடு கலந்த மண். நிக்கல் ஆக்சைடோடு துளி இரும்பு சேர்ந்தால் அது பேய் மாதிரி வேலை செய்யும் என்பது எங்கள் துறையில் நேற்று வந்தவனுக்குக்கூடத் தெரியும். புத்தகத்தில் இருக்கிறது. தேர்வில் எழுதியிருக்கிறேன். அந்தத் துளி எப்படி வேண்டுமானாலும் கரைசலில் நுழையும், ஜாக்கிரதை என்றும் படித்திருக்கிறேன். படித்து என்ன பிரயோஜனம்? காபி குடிக்கிற டம்ளரில் காவி கரைக்கக்கூடாது என்று தனியாக எடுத்து வைக்கிற புத்தி என் அம்மாவுக்கு இருந்தது, எனக்கு இல்லை.

அன்று காபி இறங்கவில்லை. லேபுக்கு ஓடினேன். என் பீக்கரின் அடியில், சுவரும் தரையும் சேர்கிற இடத்தில், மயிரிழை தடிமனுக்கு ஒரு செம்மை. இரண்டு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், பழைய பிளாஸ்டிக் இப்படித்தான் மங்கும் என்று நினைத்துக்கொண்டு. கடையிலிருந்து வந்த புது பீக்கரைப் பிரித்து, அவளுடைய தூய காரத்தைக் கரைத்து, இன்னும் கரைசலைத் தொடாத என் புதுத் தகடு ஒன்றை இறக்கினேன். கோடு படுத்துவிட்டது. அவளுடைய கோடு அப்படியே. பிறகு வீட்டிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வந்த காவியில் ஒரு சிட்டிகையை அந்தக் கரைசலில் போட்டுக் கலக்கி, ஊறவிட்டு, வடிகட்டி, மறுபடி ஓடவிட்டேன். தகடு இரும்பை உள்ளே இழுக்க இழுக்கக் கோடு ஏறியது. ராசியான கோடு, விஜயதசமிக் கோடு, உலகமெல்லாம் காட்டின கோடு. வெட்கத்தில் காது சுட்டது.

சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நம்முடைய அளவு நிக்கலுடையதே இல்லை, என் காவியுடையது, கட்டுரையைத் திருத்த வேண்டும் என்றேன். அவர் முதலில் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“கோலத்துக்குக் கரைச்ச காவியால வந்த ரிசல்ட்னு இப்பப் போய்ச் சொல்றதா? ஊரே சிரிக்கும்மா. நீ ஒண்ணு பண்ணு, அந்தப் பீக்கரை அவகிட்ட ஒரு வாரம் குடுத்துடு. அவளுக்கும் அளவு வந்துடும், கமிட்டியில பாஸாயிடுவா. யாருக்கு என்ன நஷ்டம்?”

மாதக்கணக்காக ஒரு பெண்ணை உனக்குக் கை சரியில்லை என்று கரித்துக்கொட்டியாகிவிட்டது. இப்போது அழுக்குப் பாத்திரத்தை அவள் கையில் கொடுத்து, இந்தா ராசி, வாங்கிக்கொள் என்கிறோம். அவள் கேட்டபோது கொடுத்திருந்தால் அது நேர்மை. இப்போது கொடுத்தால் மோசடி. ஒரே பீக்கர்தான். நான் சரி என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் வெளியே வந்தேன். அதுவும் ஒரு கோழைத்தனம்தான்.

மறுநாள் காலையில் அவளிடம் சொன்னேன், காவி, புது பீக்கர், சார் சொன்ன யோசனை, எதையும் விடவில்லை. அவள் குதிப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் நோட்டை எடுத்து என் முன்னால் பிரித்தாள். ஒவ்வொரு சோதனையும் தேதி போட்டு எழுதியிருந்தது. எவ்வளவு தரம் கழுவினாள், காரத்தை எத்தனை தரம் சுத்தம் செய்தாள், அளவு எவ்வளவு இறங்கிற்று என்று ஒரு வரைபடம். ஏப்ரலிலிருந்து ஓரத்தில் பென்சிலால் இரண்டே சொற்கள்: இரும்பு? பீக்கர்?

இரும்பாக இருக்கலாம் என்று ஏப்ரலிலேயே சாரிடம் போய்ச் சொன்னாளாம். உன் கையில் குறையை வைத்துக்கொண்டு சீனியர்மேல் பழி போடாதே என்று அனுப்பிவிட்டாராம். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்து பீக்கரைக் கேட்டிருக்கிறாள். இந்த மனிதருக்கு ஏப்ரலிலேயே ஒரு சந்தேகமாவது வந்திருக்க வேண்டாமா? வந்திருக்கும். அதனால்தான் கதவைச் சாத்தினார். சாருடைய யோசனைக்கு என்ன சொல்கிறாய், பீக்கர் வேண்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

“இப்ப வேணாம்க்கா” என்றாள்.

கூட்டம் ஒரு திங்கட்கிழமை முற்பகல். வெளியிலிருந்து வந்த மூன்று பேரில் இரண்டு ஆண்கள், ஒரு அம்மாள். புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்ள என்று என்னைப் பின்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். சார் எழுந்து, இந்தப் பெண் உழைப்பாளிதான், ஆனால் சோதனை செய்கிற கை இன்னும் பழகவில்லை, வெளியான முடிவையே திரும்ப எடுக்க முடியவில்லை, கமிட்டி எதைச் சொன்னாலும் தமக்குச் சம்மதம் என்று பேசினார். அந்த வாயில் எப்படித்தான் வந்ததோ. வாயைத் திறக்காதே என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

அவள் தன் வரைபடத்தைத் திரையில் போட்டு, சுத்தம் கூடக் கூட அளவு குறைகிறது, ஆகவே வெளியான அளவில் ஏதோ கலப்பு இருக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள். யார் பீக்கரில் என்று சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியும், சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கலப்பு என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஒருவர் கேட்டார். அவள் தன் வரைபடத்தையே மறுபடி காட்டினாள்.

நான் எழுந்தேன். பையிலிருந்து பீக்கரை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் மேஜைமேல் வைத்தேன். டேப்பில் என் பெயர் இருந்தது. இது என்னுடையது, இரண்டு ஆயுத பூஜைக்கு இதில் காவி கரைத்தேன், இதிலேயே கரைசலும் கலந்தேன், புது பீக்கரில் என் அளவும் இவள் அளவும் ஒன்றுதான், எடுத்த தாள்கள் இதோ என்றேன். ஆண்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோலமா, கோலத்துக்கா என்று இரண்டு தரம் கேட்டார். ஆமாம் சார், கோலத்துக்குத்தான் என்றேன். சிரிக்கட்டும். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதானே ஒரு பெண்ணின் படிப்பையே பலி கொடுக்கப் பார்த்தோம்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பீக்கரைச் சாய்த்து அடியைப் பார்த்தார். கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “அப்ப இந்த லேப்ல சுத்தமான நிக்கல் ஆக்சைட அளந்தது யாரு?”

நான் அவளைக் காட்டினேன். இந்த லேபில் அவள் ஒருத்திதான் அதை அளந்திருக்கிறாள் என்றேன்.

அவள் பதிவு நீடித்தது. துளி இரும்பு என்ன செய்கிறது என்பதே அவள் ஆராய்ச்சி ஆயிற்று. எங்கள் கட்டுரைக்குத் திருத்தக் கடிதம் போயிற்று, அதில் தவறு மாணவியின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று சார் தம் கைப்பட எழுதினார். ஏப்ரலில் ஒருத்தி வந்து சொன்னாளே, அந்த வரி அதில் இல்லை. கேட்டேன், அது தேவையில்லாத விவரம் என்றார். என் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் முழுசாகப் போயிற்று. அது போனதில் எனக்கு வருத்தமில்லை என்று பெரிய வார்த்தை பேச மாட்டேன். வருத்தம்தான்.

இந்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. அதற்குள் அவளுடைய முதல் முடிவுகளைப் பார்த்துவிட்டு வெளியூரிலிருந்து இரண்டு பேர் சாருக்கு எழுதியிருந்தார்கள். மனிதருக்கு வாயெல்லாம் பல். பூஜைக்கு முதல் நாள் எல்லோரையும் வைத்துக்கொண்டு, இந்த வருஷம் கோலம் அவள்தான் போட வேண்டும், இப்போது ராசியான கை அவளுடையதுதான் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பதில் சொல்லிவிட்டாள்.

“எனக்குக் கோலம் வராது சார். பாத்திரம் கழுவத்தான் வரும்.”

சார் பொரி வந்துவிட்டதா என்று யாரையோ கேட்டுக்கொண்டு போய்விட்டார். கோலத்தை நானே போட்டேன், லேபுக்குள் இல்லை, வராந்தாவில். காவியை ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் கரைத்து, அந்த டப்பாவை அங்கிருந்தே குப்பைக்கு அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். கூட்டம் முடிந்து இத்தனை நாளாகியும் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கமிட்டி முன்னால் எழுந்து நின்றதே மன்னிப்புக் கேட்ட மாதிரிதானே என்று எனக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். அன்று கேட்டேன். பீக்கரைக் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்காமல் உன்னைத் திட்டினேன், தப்பு என்னுடையது என்றேன். பரவாயில்லை அக்கா என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. கையில் கட்டியிருந்த கயிற்றைத் திருகினாள். பிறகு அவள் பேசினது லேபில் பேசுகிற தமிழ் இல்லை, வராந்தாவில் போனில் பேசுகிற தமிழ்.

“என் கை சரியில்லன்னு எங்க நைனா கிட்ட நாந்தான்க்கா சொன்னேன். அவரு அன்னிக்கு வேலைக்குப் போவாம, என்னிய கோயிலுக்கு இட்டுகினு போயி இத்தக் கட்டிவுட்டாரு. மறுநாளு தான் நீங்க இதுலேர்ந்து அழுக்கு வுழுதுன்னு கத்துனீங்க.”

நான் அந்தக் கயிற்றைப் பார்த்தேன்.

“அழுக்கு எங்க கீதுன்னு எனக்கு அப்பவே ஒரு டவுட்டு இருந்திச்சு. எழுதிகூட வச்சிருந்தேன். ஆனா நீங்க சொன்னதும், இதுவாத்தான் இருக்குமோன்னு நம்பிட்டேன்க்கா. வூட்டுக்குப் போயி நைனாகிட்ட, நீ கட்டுன கயிறாலதான் எனக்குப் படிப்பு வரலன்னு சண்ட போட்டேன்.”

வடபழனி பஸ் வந்துவிட்டது. போய்ட்டு வரேன்க்கா என்று சொல்லிவிட்டு ஏறினாள். கூட்டம், உட்கார இடமில்லை. நின்றபடியே மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் கயிறு சாயமெல்லாம் போய் வெளுத்திருந்தது.